வேகத்தடைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் போக்குவரத்துப் பொறியாளராகப் பணிபுரியும் நான், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் வார்டு கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கோரிக்கை ஒன்றுதான்: "எங்கள் தெருவுக்கு ஒரு வேகத்தடை போட்டுக் கொடுங்கள்." பெரும்பாலும் அடிபட்ட ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகே இந்தக் குரல் எழுகிறது என்பது என்னை வாட்டுகிறது. கோரிக்கையில் நியாயம் இருந்தும், சாலை யாருடையது, பணம் எந்த மாதத்தில் ஒதுக்கப்படுகிறது என்பது தெரியாததால் பல மனுக்கள் பயனற்றுப் போகின்றன.

என்2, என்3 நெடுஞ்சாலைகள் தேசியச் சாலை நிறுவனமான சான்ரலிடம் உள்ளன; மாகாணச் சாலைகள் குவாசுலு-நட்டால் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தவை; நம் வீட்டு வாசல் தெருக்கள் டர்பன் நகரை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சிக்குரியவை. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, நகரச் சாலைகளையும் போக்குவரத்தையும் உள்ளாட்சியின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. எனவே கவுன்சிலரிடம் போவதற்கு முன் சாலை யாருடையது என்று கேட்டறிந்துகொள்வது முதல் வேலை.

மாநகராட்சியின் பணம் பல வழிகளில் வருகிறது. நாம் கட்டும் சொத்து வரி ஒன்று. 2009 முதல் பெருநகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் எரிபொருள் வரியின் பங்கு மற்றொன்று. நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டுக்கென மத்திய அரசு தரும் மானியம் இன்னொன்று. ஆனால் அது பெரும்பாலும் புதிய கட்டுமானத்துக்கே உரியது. போக்குவரத்து அபராதப் பணம் அப்படியே சாலைப் பாதுகாப்புக்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். விதிக்கப்படும் அபராதத்தில் பெரும்பகுதி கட்டப்படுவதே இல்லை என்பதால், அதை நம்பி ஒரு பாதுகாப்புத் திட்டத்தை வகுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்ரோல் போடும்போது விபத்து இழப்பீட்டு நிதிக்கென ஒவ்வொரு லிட்டருக்கும் தனி வரி செலுத்துகிறோம். 2021இல் அது 2 ரேண்ட் 18 சென்ட் ஆனது. அந்தப் பணம் விபத்து நடந்த பின் வழங்கப்படும் இழப்பீட்டுக்கானது. தடுப்பதற்கான பணமோ, குடிநீர்க் குழாயோடும் குப்பை வண்டியோடும் போட்டியிட்டு மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில்தான் இடம்பிடிக்க வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு உடைந்த சாலைகளையும் பாலங்களையும் சீரமைக்கும் சுமையும் அதே கருவூலத்தின் மேல் விழுந்தது.

என் அனுபவத்தில் பாதுகாப்பு பெரிதும் கைவிடப்படுவது பராமரிப்பில்தான். ஒரு பள்ளி வாசலில் பாதசாரிக் கடவை அமைத்தால் படம் எடுக்கிறார்கள், திறந்து வைக்கிறார்கள். சில மழைக்காலங்கள் போன பின் அதே இடத்தைப் பார்த்தால், டாக்சிகளின் சக்கரம் உருளும் தடங்களில் வெள்ளைக் கோடுகள் தேய்ந்து, சாலையின் இரு ஓரங்களிலும் நடுவிலும் மட்டும் திட்டுத்திட்டாகச் சுண்ணம் பூசியதுபோல் மிஞ்சியிருக்கும். "பள்ளிக் குழந்தைகள்" என்ற எச்சரிக்கைப் பலகையை மாமரக் கிளை மூடியிருக்கும். நடைபாதை முழுதும் கார்கள் நிற்பதால் குழந்தைகள் தார்ச்சாலையில் இறங்கி நடப்பார்கள். நகர்ப்புறத்தின் பொதுவான வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர்; அந்த வேகத்தில் வரும் ஓட்டுநர் குழந்தையைக் கண்டு பிரேக் போட்டு வண்டி நிற்பதற்குள், உலர்ந்த சாலையில்கூட ஏறக்குறைய 45 மீட்டர் கடந்துவிடும்; 30 கிலோமீட்டர் வேகத்தில் 18 மீட்டரே போதும். கோடும் பலகையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்த 45 மீட்டரும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. சாயமும் கிளை வெட்டும் கூலியும் நடைமுறைச் செலவுக் கணக்கில் வருபவை. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது அந்தக் கணக்குதான். இந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்குப் பாதசாரிகள் என்பதை நினைத்தால் இந்தச் சிக்கனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே புதிய வேகத்தடையைக் கேட்பவர்கள், இருக்கும் கடவையின் பராமரிப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும். காவடித் திருவிழாவுக்குச் சாலையை மூட வேண்டுமென்றால் நம் கோவில் குழுவினர் முன்கூட்டியே விண்ணப்பிப்பது போல, இதற்கும் ஒரு காலக்கெடு உண்டு. மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, வரவு செலவுத் திட்டத்தின் வரைவு அதற்குக் குறைந்தது 90 நாள் முன்னதாக மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதாவது மார்ச் முடிவதற்குள். பிறகு மக்களின் கருத்து கேட்கப்பட்டு, மே இறுதிக்குள் திட்டம் மன்றத்தின் ஒப்புதலுக்கு வருகிறது. ஜூன் மாதத்தில் கொடுக்கும் மனு, ஜூலையில் தொடங்கும் ஆண்டுக்கு அல்ல, அதற்கடுத்த ஆண்டுக்குத்தான் உதவும். கவுன்சிலர் தலைமையில் இயங்கும் வார்டு குழுவின் வழியாக, மாநகராட்சியின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் வருடாந்திர மறுஆய்விலேயே கோரிக்கையைச் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது.

மனுவில் கோபம் மட்டும் இருந்தால் பொறியாளரால் ஒன்றும் செய்ய இயலாது. எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, பள்ளி விடும் அரை மணி நேரத்தில் எத்தனை குழந்தைகள் சாலையைக் கடக்கிறார்கள், பேருந்தும் ஆம்புலன்ஸும் அவ்வழியே செல்கின்றனவா, காவல் நிலையத்தில் பதிவான விபத்துகள் எவை என்பதை எழுதி, தேய்ந்த கோட்டின் படத்தையும் தேதியோடு இணையுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், அதிகாரி அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.