பினாயில் மணத்தை நம்பி ஆமைத் தொட்டியைக் கழுவாதீர்கள்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லி வளர்ந்த ஊர் எங்களுடையது. இன்றோ காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வளவு வீடுகளிலேயே கண்ணாடித் தொட்டிக்குள் சிவப்புக் காது ஆமைகள் நீந்துகின்றன. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் கொண்டுவந்து, திரும்பும்போது ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தரை, குளியலறை, மாட்டுக்கொட்டகை எதுவானாலும் ஆச்சிமார் நம்புவது பினாயிலைத்தான். ஆமைத் தொட்டிக்கும் அதுவே போகிறது.

"மணமா இருந்தாத்தானே தம்பி கிருமி சாகும்?" என்று ஒரு ஆச்சி, பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் என்னிடம் கேட்டார். அவர் கொண்டுவந்த ஆமைக்குக் கண் இரண்டும் வீங்கி, மூக்கோரம் நுரை கட்டியிருந்தது.

"மணம் அடிக்குதுன்னா மருந்து இன்னும் தொட்டியிலதான் இருக்கு ஆச்சி. அதைத்தான் இது நாள் பூரா மூச்சா இழுத்துக்கிட்டு இருக்கு."

ஆமையின் கண் வீங்கினாலே பினாயில்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். வெறும் காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளர்ந்த ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்தாலும் இதே போல வீங்கும். என்னிடம் வருபவற்றில் அதுவும் நிறைய. இந்த ஆமைக்குத் தொட்டி கழுவிய அன்று மாலையே தொந்தரவு தொடங்கியதால்தான் சந்தேகம் அந்தப் பக்கம் போனது.

கருப்புப் பினாயிலில் தார் எண்ணெயிலிருந்து வரும் ஃபீனால் வகைகள் இருக்கின்றன. வெள்ளையில் பெரும்பாலும் பைன் எண்ணெய். ஊர்வனவற்றுக்கு இரண்டுமே ஆகாது. நமக்கு நெடி ஏறினால் இருமித் தள்ளிவிடுவோம். ஆமைக்கும் பாம்புக்கும் நம்முடையதைப் போன்ற உதரவிதானம் கிடையாது, ஒழுங்காக இருமவும் வராது. நுரையீரலில் சேர்ந்த சளி அங்கேயே தங்கிவிடும். போதாததற்குப் பாம்பு, உடம்பு முழுவதையும் தரையில் தேய்த்துக்கொண்டே வாழ்கிறது. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலும் தரையிலும் உள்ள வேதிப்பொருளை எடுத்து வாய்க்குள் கொண்டுபோய்த்தான் அது மோப்பமே பிடிக்கிறது. நாம் துடைத்துவிட்டோம் என்று நினைக்கும் மிச்சம் அதன் வாய்க்குள் போகிறது.

டெட்டாலையும் இந்த வரிசையிலேயே வைக்கிறேன். அதில் இருப்பது குளோரோசைலினால், ஃபீனால் குடும்பத்துப் பிள்ளைதான். கூடவே பைன் எண்ணெயும் உண்டு. புட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஃபீனால், கிரசால், குளோரோசைலினால், பைன் எண்ணெய் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அதை வீட்டுத் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது என்று கேட்பீர்கள். வாங்கும் முன் தேய்க்க வேண்டும். எச்சமும் பாசியும் ஒட்டியிருக்கும் இடத்தில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. மருந்தின் வீரியத்தை அழுக்கே தின்றுவிடும். ஆமைத் தொட்டியின் உள்சுவர் வழவழவென்று இருக்கிறதே, அது கிருமிகள் கட்டிக்கொண்ட படலம். ஆமையையோ பாம்பையோ காற்றுப் போகும் வேறு பெட்டிக்கு மாற்றி, வேறு அறையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் இதற்கென்றே ஒதுக்கிய பிரஷும் வைத்துத் தேயுங்கள். பாம்பு, பல்லி எச்சத்தில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் யூரிக் அமிலக் கட்டியை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டலாம். பிறகு சோப்பு துளியும் இல்லாமல் அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அடுத்து ஊற்றும் சில மருந்துகள் செத்துவிடும்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வாசனை சேர்க்காத சாதாரண பிளீச். புட்டியில் 4 அல்லது 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். நோய் கண்ட பிராணி இருந்த பெட்டியென்றால் 100 மில்லி. ஊற்றியதும் துடைத்துவிடக் கூடாது. 10 நிமிடம் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கைக்கடிகாரம் பார்த்து யாரும் தொட்டி கழுவுவதில்லை.

பிளீச் கிடைக்காவிட்டால் பிளீச்சிங் பவுடர். புதுசாக இருந்தால் அதில் 30 முதல் 35 சதவீதம் குளோரின் இருக்கும். 1 லிட்டருக்கு 5 கிராம் கலக்கித் தெளியவிட்டு மேல்நீரை எடுத்துக்கொள்ளலாம். கட்டி தட்டிப்போய், மூடாமல் கிடந்த பாக்கெட்டில் ஒன்றும் மிச்சமிருக்காது. நம் ஊர் வெயிலுக்குக் கரைத்த தண்ணீரும் தாங்காது. அன்றன்றைக்குக் கரைத்து அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள். பிறகு நெடி போகும்வரை அலசி, முற்றத்து வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஆமைத் தொட்டியில் மறுபடி தண்ணீர் நிரப்பும்போது வண்ணமீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சில சொட்டு விடலாம்.

பிளீச்சோடு எதையும் கலக்கக் கூடாது. ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழுவுகிற ஆளையே படுக்கவைத்துவிடும். ஆமையின் பழைய தண்ணீரில் அம்மோனியா இருப்பதால் அதையும் முழுவதும் கொட்டிய பிறகுதான் பிளீச் ஊற்ற வேண்டும். (ஆசிட்டை ஆத்தங்குடிக் கல் பதித்த தரைப்பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது வேறு கதை.)

குளோரின் நெடியே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் குளோர்ஹெக்சிடின் இருக்கிறது. 2 சதவீதக் கரைசலில் 25 மில்லியை 1 லிட்டரில் கலந்தால் தண்ணீர்க் கிண்ணம், சிறு பெட்டி கழுவப் போதும். பென்சால்கோனியம் குளோரைடும் பயன்படும். சோப்பு பட்டால் கெடுவது இவை இரண்டும்தான். போர்வெல் உப்புத் தண்ணீரில் பென்சால்கோனியத்தின் வேகமும் குறையும். அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதில் கலந்துகொள்ளுங்கள். நிறையப் பெட்டி வைத்திருப்பவர்கள் கோழிப்பண்ணை மருந்துக் கடைகளில் விற்கும் விர்கான் எஸ் தூளை லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் பயன்படுத்தலாம். தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொண்டு கலக்குங்கள்.

இவையெல்லாம் தோற்கிற ஒரு கிருமி உண்டு, கிரிப்டோஸ்போரிடியம். இது வந்த லெபர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்குத் தின்றாலும் வால் மெலிந்து குச்சியாகும். பாம்பு விழுங்கிய இரையைக் கக்கும், நடுவயிறு வீங்கும். இதன் முட்டையுறைக்கு வழக்கமான அளவு பிளீச் உறைக்காது. கொதிக்கும் நீர், நீராவி, முழுக்க உலர்த்துவது, இவைதான் வழி. அந்தப் பெட்டியில் இருந்த மரக்கிளை, தேங்காய் நார் எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். நல்ல காலத்திலும் மரம் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் கிளைகளுக்குக் கொதிநீரும் வெயிலும்தான் என் சிபாரிசு.

வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கெடுதல் இல்லை, கிருமிநாசினியும் இல்லை. ஆனால் பூட்டியே கிடக்கும் அறையில் அந்துருண்டை போட்டு, அங்கேயே பெட்டியையும் வைப்பது கெடுதல். கரையான் மருந்து அடிப்பது, கொசு மருந்து பீய்ச்சுவது, சாம்பிராணிப் புகை போடுவது எல்லாம் அப்படியே. பாம்புக்கு உண்ணி பிடித்தது என்று கடையில் ஐவர்மெக்டின் கேட்டு வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த மருந்து ஆமைக்குப் போட்டால் ஆமை செத்துப்போகும்.

எவ்வளவு கழுவினாலும் ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா குடியிருக்கும். அதற்கு நோயே தெரியாது. நமக்குத்தான் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். சின்ன ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைப்பதால் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-லேயே தடைசெய்தது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், வயதான ஐயா ஆயாவும் தொட்டி கழுவ வேண்டாம். அடுப்படித் தொட்டியில் கழுவவே கூடாது. ஆமைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துச் சால்மோனெல்லாவை ஒழிக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள். அப்படிச் செய்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

நட்சத்திர ஆமையும் உடும்பும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி வீட்டில் வைக்கக் கூடாதவை. இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு, இக்வானா என்ற பெரிய பல்லி வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

கழுவிய தண்ணீரை ஊருணிப் பக்கம் ஓடும் வாய்க்காலில் விடாதீர்கள். சலித்துப்போன சிவப்புக் காது ஆமையையும் ஊருணியில் விடாதீர்கள், அங்குள்ள நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். அதற்கு முன் அன்று யாராவது அங்கே ஆசிட் ஊற்றியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.