அனஃபிலாக்சிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

இறால் தின்ற கொஞ்ச நேரத்தில் உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்து அரித்தால் ‘காணாக்கடி’ என்பார்கள். கடித்தது எதுவென்று கண்ணில் படாததால் அந்தப் பெயர். தோலோடு நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதோடு நாக்கு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அது அனஃபிலாக்சிஸ். சிலருக்குத் தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலும் வரும்.

இந்தச் சொல்லை 1902-இல் உண்டாக்கியவர்கள் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள். கடற்சாமந்தி என்ற கடலுயிரியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு ஏற்றினார்கள். ஒருமுறை தாங்கிய நாய் மறுமுறையும் தாங்கும் என்றுதானே நினைப்போம்? சில வாரம் கழித்து அதே சிறிதளவைக் கொடுத்ததும் நெப்டியூன் என்ற திடமான நாய் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து, அரை மணி நேரத்துக்குள் செத்தது. கிரேக்கத்தில் ‘ஃபிலாக்சிஸ்’ என்றால் காப்பு. நோய்த் தடுப்பைக் குறிக்கும் ‘புரொஃபிலாக்சிஸ்’ என்ற சொல்லிலும் அதுதான் இருக்கிறது. காப்புக்கு நேர்மாறாக நடந்ததால் முன்னால் ‘அனா’ சேர்த்தார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, தமிழில்? ‘எதிர்க்காப்பு’ என்று நேராகப் பெயர்த்தால் ஏதோ பாதுகாப்பு ஏற்பாடு போல ஒலிக்கும். ‘ஒவ்வாமை அதிர்ச்சி’ பரவலாக இருக்கிறது. ஆனால் மருத்துவர் சொல்லும் ஷாக், ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போவது. நமக்கு அதிர்ச்சி என்றால் கெட்ட செய்தி கேட்டது. தவிர, அழுத்தம் இறங்கும் முன்பே தொண்டை அடைத்துக்கொள்ளலாம். ‘கடும் ஒவ்வாமை’யோ, அரிப்பு கொஞ்சம் அதிகமானாலே எல்லோரும் சொல்வது. என் கணக்கில் ‘உயிராபத்து ஒவ்வாமை’ பொருந்தும். அழகான சொல் இல்லைதான், கேட்டவுடன் ஆள் எழுந்து ஓடுவார். மருத்துவச் சீட்டில் மட்டும் அனஃபிலாக்சிஸ் என்றே இருக்கட்டும்.

அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும், அடைத்த மூச்சுக்குழலைத் திறக்காது. அனஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. போட்டுத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள், அடங்கியது மறுபடி கிளம்புவதுண்டு.