கார்புரேட்டரின் குறுகிய தொண்டை

அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைப் பந்தயக் கார்கள் கார்புரேட்டரை விட்டு, பெட்ரோலைப் பம்பு அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது 2012-இல்தான். சாதாரணக் கார்களே மாறி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆன பிறகும், அந்த அசுர வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்களுக்குக் கார்புரேட்டர் போதுமானதாக இருந்தது. எப்படி?

காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதற்குள் காற்றுப் பாதை நடுவில் குறுகும். அந்தத் தொண்டைதான் வென்சூரி. அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோல் தானாக மேலேறும். அழகான ஏற்பாடு, வம்பும் அதிலேதான். தொண்டை சிறிதாக இருந்தால் கீழ் வேகத்தில் பெட்ரோல் ஒழுங்காக வரும், ஆனால் 7000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7000 சுழற்சி) காற்று போதாது. பெரிதாக்கினால் உச்சத்தில் சக்தி கூடும், கீழே உறிஞ்சல் குறைந்து வண்டி திக்கும். நாஸ்காரின் ஓவல் பந்தயப் பாதையில் இன்ஜின் பெரும்பாலும் உச்ச வேகத்திலேயே சுழல்வதால் இந்தக் குறை அங்கே அவ்வளவாகத் தெரியவில்லை.

இன்ஜெக்‌ஷனில் பெட்ரோலை இழுக்கும் வேலை காற்றுக்கு இல்லை. பம்பு தரும் அழுத்தத்தில் இன்ஜெக்டர் சில மில்லி விநாடிகள் திறந்து பீய்ச்சும். எவ்வளவு நேரம் என்பதை சென்சார்களின் கணக்கை வைத்து ஈசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். ஆகவே இன்ஜினுக்குள் போகும் குழாய்களைக் காற்றுக்காக மட்டுமே வடிவமைக்கலாம். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300எஸ்எல், கம்ப்யூட்டர் இல்லாமலேயே போஷ் பம்பு மூலம் நேராக சிலிண்டருக்குள் பெட்ரோலைச் செலுத்தியது. இன்ஜினை அணைத்தாலும் சுழற்சி நிற்கும்வரை பம்பு பீய்ச்சிக்கொண்டே இருக்கும்; அந்தப் பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும். அந்தக் காலத்தில் அதற்குக் கொடுத்த விலை!

முழுச் சக்திக்கு, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 12.5 முதல் 13 பங்கு காற்று வேண்டும். ஒரே கார்புரேட்டர் எட்டு சிலிண்டருக்கும் பங்கு பிரிக்கும்போது சிலவற்றுக்குப் பெட்ரோல் குறையும். குறைவாகக் கிடைக்கும் சிலிண்டர் நாக்கிங்கில் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதில்) சேதமாகாமல் இருக்க, எல்லாவற்றுக்கும் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். இன்ஜெக்‌ஷனில் ஒவ்வொன்றையும் தனியாகத் திருத்தலாம். என்னைக் கேட்டால், குதிரைத்திறன் எண்ணைவிட இதுதான் பெரிய லாபம்.

சரி, கார்புரேட்டருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. வால்வுக்கு அருகில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனில் இந்தப் பலன் குறைவு. அதனால் இரண்டும் ஒரே இன்ஜினில், முழு ஆக்ஸிலரேட்டரில், கிட்டத்தட்ட சமமாக நிற்பதும் உண்டு. அப்புறம், ஜெட் மாற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பழகிய கையும் போதும். ஈசியூவுக்கு லேப்டாப் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் பழைய வி8 என்றால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. தினமும் டிராஃபிக்கில் ஓட்டுவதாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம்.