முதல் பணியாளர் கூட்டத்தை நடந்துகொண்டே நடத்துங்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வாசலில் ரோஜாப்பூவும் கல்கண்டும் கொடுத்துப் பிள்ளைகளை வரவேற்பது நல்ல வழக்கம். அதற்கு முன்பே பணிக்குத் திரும்பும் பெரியவர்களுக்கோ தலைமையாசிரியர் அறையில் ஒரு டீ, சுற்றறிக்கை வாசிப்பு, வகுப்புப் பங்கீடு. அத்தோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தை வளாகத்தைச் சுற்றி நடந்தபடி நடத்துங்கள். சத்துணவு அமைப்பாளர், சமையலர், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர் எல்லோரும் கூட வரட்டும். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தத் தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ளும் என்பது ஆசிரியர்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதலில் தண்ணீர்த் தொட்டி. ஒரு மாதத்துக்கு மேல் தேங்கிய தண்ணீரை மேலே மட்டும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. முழுக்க வடித்து, அடி வண்டலை அள்ளி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு 1000 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. சுண்ணாம்பு அடியில் தங்கிக் குழாயை அடைக்கும். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயாகத் திறந்து குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். இந்தப் படியை விட்டால் தொட்டி சுத்தமாகும், பிள்ளை வாய் வைக்கும் குழாய் பழைய தண்ணீரோடே இருக்கும். 24 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர். அந்த ஒரு நாள் யாரும் குடித்துவிடாதபடி குழாயில் துணி கட்டுங்கள். அதன்பின் அன்றாடம் 1000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் அளவு போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். குழாய் முனையில் சோதித்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். போன வருடம் பிரித்து வைத்த பவுடர் மூட்டையை நம்பாதீர்கள். காற்றுப்பட்டதில் வீரியம் போயிருக்கும்.

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றிக் கழிப்பறை கழுவுவது பல ஊர்களில் பழகிப்போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். சிறிய கழிப்பறைக்குள் கழுவுகிறவருக்கு மூச்சடைக்கும். தூய்மைப் பணியாளரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

உடைந்த பெஞ்சுகள் குவிந்த மூலையைக் கையால் கிளறாமல் நீளக் கம்பால் தட்டிப் பாருங்கள். வயல் காய்ந்த காலத்தில் எலி அங்கே குடியேறும், எலிக்குப் பின்னால் பாம்பு. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். அதனால் சந்தேகம் என்றாலும் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சமையலறை வாசலில் கொஞ்சம் கூடுதலாகவே நில்லுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. கீற்றுக் கொட்டகை போய்விட்டது, ஆபத்து அப்படியே போய்விடவில்லை. கேஸ் டியூபில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 5 ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழாகத் தெரியும். மாடிப்படியில் பழைய நோட்டுக் கட்டும் சைக்கிளும் அடைத்திருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் எந்த வாசலும் பூட்டியிருக்கக் கூடாது.

மின்பெட்டியில் கசிவு மின்னோட்டம் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதும் சுவிட்ச் தானாகக் கீழே விழாவிட்டால் எலக்ட்ரீசியனை வரச் சொல்லுங்கள்.

கடைசியாக வெளியே வாருங்கள். காவிரி டெல்டாவுக்கே உரிய ஆபத்து இங்கே, பள்ளிக்கு வரும் வழியில் உள்ள வாய்க்காலில்தான். கோடை முழுதும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய, குறுக்கே இறங்கி நடந்த வாய்க்கால் அது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து கிளை வாய்க்கால்களில் ஏறிக் கடைமடை சேர இன்னும் நாளாகும். நேற்று மண்ணாகக் கிடந்த இடத்தில் இன்று இடுப்பளவு ஓடும். தூர்வாரியிருந்தால் ஆழம் பிள்ளைக்குப் பிடிபடாது. எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த மதகைத் தாண்டி வருகிறார்கள் என்று வகுப்பாசிரியர் முதல் வாரமே கேட்டு எழுதட்டும். உங்கள் வாய்க்காலுக்கு முறைத்தண்ணீர் என்றைக்கு என்பது ஊர் விவசாயிகளுக்குத் தெரியும். அந்தத் தேதியைக் காலை வழிபாட்டில் அறிவியுங்கள்.

மாறுதலில் புதிதாக வந்த ஆசிரியருக்கு இவை எதுவும் தெரியாது. அவர் கையில் ஒரே ஒரு தாள் கொடுங்கள்: மெயின் சுவிட்ச், மோட்டார் சுவிட்ச், முதலுதவிப் பெட்டி இருக்கும் இடங்கள், சாவி யாரிடம், ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098. வலிப்பும் ஆஸ்துமாவும் உள்ள பிள்ளைகள் யார் யார் என்பதைத் தனியே நேரில் சொல்லுங்கள். தாளின் இன்னொரு படியைச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். காலை உணவுக்காக விடியலிலேயே வந்து அடுப்புப் பற்றவைக்கும் பெண்கள் இருக்கும் நேரத்தில் பள்ளியில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.