ஹாட் ராட்: சொல்லும் பொருளும்

பழைய ஃபோர்டு கார் ஒன்றை வாங்கி, மட்கார்டையும் பானட்டையும் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைப் பிரித்து அதன் சக்தியைக் கூட்டி ஓட்டினால் அது ஹாட் ராட். கம்பிக்கும் தடிக்கும் அதில் வேலையே இல்லை. அதனால்தான் 'சூடான கம்பி' என்று யாராவது பெயர்த்து எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு தலைமுறையே கைகளில் கிரீஸோடு வளர்த்த சொல் அது.

இடம் தெற்குக் கலிஃபோர்னியா. காலம் 1930களும் 40களும். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே முரோக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள் உண்டு. பலகைபோல் சமமான களிமண் தரை. காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை அங்கே கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினோடு மலிவான கார் ஒன்றைக் கொண்டுவந்தது. கம்பெனி கொடுத்த சக்தி 65 குதிரைத்திறன்தான். பையன்கள் சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினார்கள், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டை மாற்றினார்கள், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு மூன்று வைத்தார்கள்.

சொல் எப்படிப் பிறந்தது? இரண்டு விளக்கங்கள் உண்டு. 'ஹாட் ரோட்ஸ்டர்' என்பது சுருங்கி ஹாட் ராட் ஆனது என்பது ஒன்று. ரோட்ஸ்டர் என்றால் கூரை திறந்த சின்னக் கார். ஏரிகளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை அந்த வகைதான். எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராட் போன்ற உறுப்பிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இதுதான் சரி என்று அடித்துச் சொல்ல ஆதாரம் கிடையாது. எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

தொடக்கத்தில் இது வசைச் சொல்லாகவும் இருந்தது. தெருவில் பந்தயம் விட்டு ஆளைக் கொல்லும் பொறுப்பில்லாத பையன் என்ற பொருளில் செய்தித்தாள்கள் எழுதின. 1948இல் ராபர்ட் பீட்டர்சன் இதே சொல்லையே தன் பத்திரிகைக்குப் பெயராக வைத்தார். அந்த ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கண்காட்சியில்தான் முதல் இதழ் விற்பனைக்கு வந்தது. அப்புறம் அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சூடு' ஒத்துவராது. 'ஆட்டம் சூடு பிடித்தது' என்று சொல்கிறோமே என்று கேட்கலாம். ஆனால் வண்டி சூடாகிவிட்டது என்றால் நமக்கு ரேடியேட்டர் கொதித்து ஓரங்கட்டிய வண்டிதான் நினைவுக்கு வரும். என் தேர்வு 'முறுக்கேற்றிய கார்'. சுருக்கமாக, முறுக்குக் கார். எஞ்சினின் சுழற்றும் விசையான டார்க்கை முறுக்கு விசை என்று எழுதுகிறோம். பைக்கில் ஒருவன் வேகமெடுத்தால் 'முறுக்கினான்' என்கிறோம். இளமை முறுக்கு என்கிறோம். எஞ்சின், வேகம், வயசு மூன்றும் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

கஸ்டம் கார் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதக் கூடாது. முறுக்குக் கார் வேகத்துக்கு. கஸ்டம் கார் அழகுக்கு. ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'வழக்கம்' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வழக்கமாகக் கடைக்கு வருபவர் கஸ்டமர் ஆனார். அவர் கேட்டபடி செய்து கொடுத்தது கஸ்டம் ஆனது. கஸ்டமுக்குக் கணினித் தமிழ் தரும் 'தனிப்பயன்' இங்கே சப்பென்று இருக்கிறது. பழம்பாட்டுகளில் 'கைபுனைந்து' என்று வரும். கையால் செய்வதும் அழகு சேர்ப்பதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே கைபுனைக் கார்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் பெயரின் நியாயம் புரியும். கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்துச் சில அங்குலம் தாழ்த்தி மறுபடி ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் ஈயத்தை இளக்கி, மெழுகு தடவிய மரத்தட்டையால் தேய்த்துப் பரப்பி, ஆறியதும் அரத்தால் ராவுவார்கள். இன்று பட்டி பார்ப்பது போலத்தான், ஆனால் ஈயத்தில். விரலால் தடவிப் பார்த்தாலும் இணைப்பு தெரியக் கூடாது. கஸ்டம் கார் செய்வதில் பேர்போன ஜார்ஜ் பாரிஸும் அவர் அண்ணன் சாமும் 1951 மெர்க்குரி காரில் செய்தது இந்த வேலைதான்.

இந்தக் கார்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் பலர். ஓக்லாந்தில் 1950இலும் டெட்ராய்ட்டில் 1953இலும் தொடங்கிய கார் கண்காட்சிகள் இன்னும் நடக்கின்றன. காரின் அடியில் தரையில் கண்ணாடி பதித்திருப்பார்கள். அடிப்பாகமும் மெருகேறியிருப்பதைக் காட்ட. பெரியவர்கள் குனிந்து பார்க்க வேண்டியதைச் சின்னப் பிள்ளைகள் நின்றபடியே பார்த்துவிடுவார்கள். கார் வடிவமைப்பாளர் சிப் ஃபூஸ் அப்படி வளர்ந்தவர். 1963இல் பிறந்தவர், ஏழு வயதிலேயே கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் அப்பாவின் பட்டறையில் வேலைக்கு இறங்கினார். டெட்ராய்ட் கண்காட்சியின் முதன்மை விருதான ரிட்லர் விருதைப் பின்னாளில் பலமுறை வென்றார்.

அந்தப் பிள்ளைகள் வளரும்போதே காதில் வாங்கிய சொற்களுக்கும் தமிழ் வேண்டும். சாப் என்றால் கூரை தாழ்த்தல். சானல் என்றால் காரின் அடிச்சட்டத்தின் மேல் பாடியை இறக்கி உட்காரவைப்பது. பாடி இறக்கல் போதும். பிரெஞ்ச் என்றால் விளக்கை மட்கார்டுக்குள் புதைப்பது, புதைவிளக்கு. 1932 ஃபோர்டுக்கு அவர்கள் வைத்த 'டியூஸ்' செல்லப்பெயர். ஆண்டின் கடைசி இலக்கமான இரண்டைக் குறிக்கிறது. அதை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.