டீகமிஷனிங்: ஆயுத ஒப்படைப்பு என்று ஏன் எழுதக் கூடாது?

வட அயர்லாந்து அமைதிப் பேச்சு பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைச் சில நாட்களுக்கு முன் படித்தேன். "துணை ராணுவப் படைகள் தங்கள் ஆயுதங்களை ஒப்படைத்தன" என்று ஒரு வரி அதில் வந்தது. படிக்கும்போது இடறாத வரிதான். ஆனால் அதில் இரண்டு சொற்கள் தவறு, அதிலும் ஆங்கிலத்தில் 'டீகமிஷனிங்' என்று சொல்லப்படுவதற்குப் போட்ட 'ஒப்படைத்தன' என்பது அங்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த முழுச் சண்டையையும் மறைத்துவிடுகிறது.

முதலில் 'துணை ராணுவம்'. பாராமிலிட்டரி என்ற சொல்லில் இருக்கும் 'பாரா' கிரேக்க முன்னொட்டு, பக்கத்தில், இணையாக என்று பொருள். ராணுவம் இல்லை, ஆனால் ராணுவம் போல அமைந்தது, அவ்வளவுதான். அது யார் பக்கம் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை, ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டில் துணை ராணுவம் என்றால் தேர்தலுக்கும் கலவரத்துக்கும் வந்து இறங்கும் சி.ஆர்.பி.எஃப் போன்ற மத்திய அரசின் படை. இலங்கையில் ராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய குழுக்களை அப்படிச் சொன்னார்கள், மக்கள் வாயிலும் புலிகள் தரப்பு எழுத்திலும் அது 'ஒட்டுக்குழு'. வட அயர்லாந்திலோ பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஐ.ஆர்.ஏ.வும் (ஐரிஷ் குடியரசுப் படை) பாராமிலிட்டரிதான், பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்று துப்பாக்கி தூக்கிய யு.வி.எஃப், யு.டி.ஏ. போன்றவையும் பாராமிலிட்டரிதான். அதனால் அங்கே நடந்ததை எழுதும்போது 'ஆயுதக் குழுக்கள்' என்பதே பொருந்தும். துணை ராணுவம் என்று போட்டால் நம் வாசகர் அரசுப் படையின் ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று புரிந்துகொள்வார்.

சரி, இப்போது டீகமிஷனிங்.

வேர் லத்தீன். 'கொம்மித்தெரே' என்றால் ஒப்புவித்தல், பொறுப்பில் விடுதல். அதிலிருந்து கமிஷன், அதாவது ஒரு பணிக்கான அதிகாரம். போர்க்கப்பலைக் கடற்படையில் சேர்ப்பது கமிஷன் செய்வது, பணியிலிருந்து எடுப்பது டீகமிஷன் செய்வது. ஐ.என்.எஸ். விராட் 2017 மார்ச்சில் விடைபெற்றபோது நம் செய்திகளில் 'ஓய்வு பெற்றது' என்று எழுதினார்கள், அழகான சொல் அது. பிறகு அணு உலைகளை மூடுவதற்கும் இதே சொல் வந்தது. பழைய கப்பலையோ உலையையோ டீகமிஷன் செய்தால் அதில் தோற்றவர் என்று யாரும் இல்லை. ஒரு காலம் முடிந்தது, கழற்றி வைத்தாயிற்று என்பதுதான் பொருள். 1990களில் இந்தச் சொல்லைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோனதற்குக் காரணமே அந்த வெற்றி தோல்வி இல்லாத தன்மைதான் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் அங்கே 'சரணடைவு' என்ற சொல்லை யாரும் தொட முடியாது. 1923இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரில் ஐ.ஆர்.ஏ. தோற்றபோதுகூட அதன் தலைவர் ஃபிராங்க் அய்க்கன் கொடுத்த கட்டளை, ஆயுதங்களைப் பதுக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்பதுதான். எதிரி கையில் கொடுக்கும் வழக்கம் அந்த மரபில் இல்லை. 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. அடுத்த மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சர் பாட்ரிக் மேஹ்யூ வாஷிங்டனில் வைத்து, பேச்சு மேசைக்கு வருமுன் கொஞ்சம் ஆயுதங்களையாவது டீகமிஷன் செய்து காட்டுங்கள் என்று நிபந்தனை போட்டார். சொல் மென்மையாக இருந்தது, கேட்டவர்கள் காதில் அது சரணடை என்றே விழுந்தது. 'ஒரு தோட்டாவும் இல்லை, ஒரு அவுன்ஸும் (வெடிமருந்து) இல்லை' என்று சுவர்களில் எழுதினார்கள். அமெரிக்க முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிச்சல் தலைமையிலான குழு 1996 ஜனவரியில், பேச்சும் ஆயுத விஷயமும் இணையாக நடக்கட்டும் என்று நடுவழி சொன்னது. ஆனால் பிப்ரவரி 9 அன்று லண்டன் துறைமுகப் பகுதியில் குண்டு வெடித்தது, இரண்டு பேர் செத்தார்கள், போர்நிறுத்தம் உடைந்தது. மறுபடி அது வர 1997 ஜூலை ஆயிற்று.

1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி உடன்படிக்கை. அதில் கட்சிகள், ஆயுதக் குழுக்களிடம் தங்களுக்குள்ள செல்வாக்கைப் பயன்படுத்தி இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லா ஆயுதங்களும் டீகமிஷன் ஆக உதவ வேண்டும் என்று எழுதினார்கள். கவனித்துப் பாருங்கள், குழுக்கள் ஒப்படைக்க வேண்டும் என்று இல்லை. கனடிய ஜெனரல் ஜான் டி சாஸ்டலைன் தலைமையில் ஒரு சர்வதேச ஆணையம் இதற்கென்றே இருந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதங்களை ஆணையத்திடம் கொடுத்து அழிக்கலாம், ஓரிடத்தில் வைத்துவிட்டு இடத்தை மட்டும் சொல்லலாம், வைத்திருப்பவர்களே அழித்துவிடவும் செய்யலாம். இப்படி வரும் ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு அனுப்பக் கூடாது, அவற்றை வைத்து வழக்குப் போடவும் கூடாது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! இதில் ஒப்படைப்பு பல வழிகளில் ஒன்று மட்டும். எல்.வி.எஃப். என்ற, பிரிட்டன் பக்கம் நின்ற சின்னக் குழு 1998 டிசம்பரில் சில துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தது, ஐ.ஆர்.ஏ. அந்த வழிக்கு வரவே இல்லை.

ஐ.ஆர்.ஏ. தனக்கென்று வேறு ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டது: ஆயுதங்களை 'பயன்பாட்டுக்கு அப்பால் வைத்தல்'. 2000 மே மாத அறிக்கையில் இது வருகிறது. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரியும் தென்னாப்பிரிக்காவின் சிரில் ராமபோசாவும் போய் ரகசியக் கிடங்குகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2001 அக்டோபரில்தான் முதல் தொகுதி உண்மையில் பயன்பாட்டுக்கு அப்பால் போனது. 2004 இறுதியில் எல்லாம் முடியப்போகிற நேரத்தில் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற தரப்பின் தலைவர் இயன் பெய்ஸ்லி புகைப்பட ஆதாரம் கேட்டார், படம் எடுப்பது எங்களை அவமானப்படுத்த என்று ஐ.ஆர்.ஏ. மறுத்தது, பேச்சு நின்றது. ஒரு புகைப்படத்துக்காகவா என்று தோன்றலாம், ஆனால் 3,500க்கு மேற்பட்ட உயிர்கள் போன இடத்தில் யார் மண்டியிட்டதாகத் தெரியும் என்பது உயிர்நாடியான கேள்வி. கடைசியில் 2005 செப்டம்பர் 26 அன்று ஐ.ஆர்.ஏ.வின் முழு ஆயுதக் கிடங்கும் பயன்பாட்டுக்கு அப்பால் போய்விட்டது என்று டி சாஸ்டலைன் அறிவித்தார். படம் இல்லை. மெதடிஸ்ட் போதகர் ஹரால்ட் குட், கத்தோலிக்கக் குருவானவர் அலெக் ரீட் என்ற இருவர் சாட்சிகளாக இருந்து பார்த்தார்கள். யு.வி.எஃப். 2009இலும் யு.டி.ஏ. 2010 தொடக்கத்திலும் இதே போல முடித்தன.

இப்போது நம் சொற்களுக்கு வருவோம். 'நிராயுதபாணியாக்கல்' வேண்டாம். பாணி என்றால் கை, கையில் ஆயுதம் இல்லாதவன் நிராயுதபாணி. அது ஆளைப் பற்றிய சொல், அதைக் கேட்டதும் களத்தில் எல்லாம் இழந்து வெறுங்கையோடு நின்ற இராவணன்தான் நினைவுக்கு வருகிறான். 'ஆயுத ஒப்படைப்பு' என்பதற்குச் சரியான உதாரணம் 1987. இந்திய இலங்கை ஒப்பந்தம் 72 மணி நேரத்துக்குள் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது, ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பிரபாகரன் பேசியதும் அதைப் பற்றித்தான், அக்டோபரில் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் சண்டை மூண்டுவிட்டது. 'ஆயுதக் களைவு' என்பதற்கு உதாரணம் இலங்கை அரசும் புலிகளும் செய்த 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8ஆம் பிரிவு. ராணுவத்தோடு இயங்கிய தமிழ்க் குழுக்களின் ஆயுதங்களை அரசே 30 நாட்களுக்குள் களைய வேண்டும் என்று அது சொன்னது. களை பிடுங்குவதும் களைவதுதான், இடர் களைவதும் களைவதுதான், பிடுங்குபவர் இன்னொருவராக இருக்கலாம். டிஸ்ஆர்மமென்ட் என்ற பொதுச் சொல்லுக்குக் களைவு நன்றாகவே பொருந்தும், ஐ.நா. திட்டங்களைப் பற்றி எழுதும்போது 'ஆயுதக் களைவு, படைக்கலைப்பு, மீளிணைப்பு' என்று மூன்றையும் சேர்த்து எழுதலாம்.

டீகமிஷனிங்குக்கு மட்டும் தனிச் சொல் வேண்டும். 'ஆயுத முடக்கம்' தலைப்புக்கு வசதி, ஆனால் முடக்கம் என்றால் வங்கிக் கணக்கு போலப் பிறகு திறந்துவிடலாம் என்று ஆகிவிடும். கப்பலுக்கு வந்த 'ஓய்வு' துப்பாக்கிக்கு ஒட்டாது, ஓய்ந்தது மறுபடி எழலாம். நான் எழுத விரும்புவது 'ஆயுதப் பயன்நீக்கம்'. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று அது கேட்பதில்லை, இனி இந்த ஆயுதம் யாருக்கும் உதவாது என்று மட்டும் சொல்கிறது. ஐ.ஆர்.ஏ. தானே தேர்ந்த தொடருக்கும் பக்கத்தில் நிற்கிறது. இலக்கணப்படி 'பயனீக்கம்' என்று புணர்க்க வேண்டும்தான், ஆனால் அப்படி எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது, பிரித்தே எழுதலாம்.

அப்படியானால் அந்த மொழிபெயர்ப்பு வரி இப்படி இருந்திருக்கலாம்: "வட அயர்லாந்தின் ஆயுதக் குழுக்கள், சர்வதேச ஆணையத்தின் கண்முன் தங்கள் ஆயுதங்களைப் பயன்நீக்கம் செய்தன."