குடிப்படை: ‘மிலிஷியா’வுக்குச் சரியான தமிழ்ச்சொல்

ஒரு பகுதியில் குடியிருக்கிறார் என்பதாலேயே, அழைப்பு வந்தால் சொந்தத் துப்பாக்கியோடு வந்து நிற்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்களின் படைக்கு ஆங்கிலத்தில் மிலிஷியா என்று பெயர். இது சம்பளப் பட்டாளமும் இல்லை, விரும்பியவர் சேரும் தொண்டர் படையும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களை, குறிப்பாக மேற்கு எல்லைப்புறத்தைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் சொல் இது. தமிழில் இதைக் குடிப்படை என்பதே பொருத்தம். துணை ராணுவம், ஆயுதக் குழு, ஊர்க்காவல் படை, மக்கள் படை என்றெல்லாம் எழுதும்போது வரலாறு எங்கே புரண்டுபோகிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

சொல்லின் வேர் லத்தீன். ‘மீலெஸ்’ என்றால் படைவீரன். ‘மீலிடியா’ என்றால் படைத்தொழில், படையில் பணிபுரியும் நிலை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் ஏறத்தாழ அதே பொருள்தான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே ‘படை யார் கையில்’ என்ற சண்டை மூண்டது. அப்போது இந்தச் சொல் நிரந்தரப் பட்டாளத்துக்கு எதிரான ஒன்றைக் குறிக்கத் தொடங்கியது: உழுபவனும் கடைக்காரனும் தச்சனும், தேவைப்படும் நாளில் மட்டும் திரளும் படை. குடியேறியவர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனது இந்தப் பொருளைத்தான்.

இன்று செய்திகளில் வரும் மிலிஷியா வேறு. அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத ஆயுதக் குழு என்பது 20ஆம் நூற்றாண்டில் வலுத்த பொருள். ரஷ்யாவில் 1917 புரட்சிக்குப் பின் ‘மிலீட்சியா’ என்றாலே போலீஸ். 2011இல்தான் அந்தப் பெயரை மாற்றினார்கள். எந்தக் காலம், எந்த நாடு என்று பார்க்காமல் ஒரே தமிழ்ச்சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. இங்கே எடுத்துக்கொள்வது 18ஆம் நூற்றாண்டுப் பொருளை மட்டும்.

அந்தப் பொருளை ஒருவருடைய வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். வில்லியம் பிரெஸ்டன் 1729இல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுவனாக 1738இல், அந்தக் குடியேற்றங்களில் ஒன்றான வர்ஜீனியாவுக்கு வந்தார். அவருடைய தாய்மாமன் ஜேம்ஸ் பேட்டன் மேற்கு வர்ஜீனியாவில் பெரிய நில ஒதுக்கீடுகள் பெற்றவர். கவுண்டி என்பது மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு; ஆகஸ்டா கவுண்டிக் குடிப்படையின் கர்னலும் அவரே. 1755 ஜூலையில் இன்றைய பிளாக்ஸ்பர்க் நகரம் இருக்கும் டிரேப்பர்ஸ் மெடோ குடியிருப்பை ஷானிப் பழங்குடி வீரர்கள் தாக்கியபோது பேட்டன் கொல்லப்பட்டார். அறுவடைக்கு ஆள் கேட்டுவரப் போயிருந்ததால் பிரெஸ்டன் தப்பினார். பிறகு மாமனின் இரண்டு வேலைகளும் அவரிடமே வந்து சேர்ந்தன: நிலம் அளப்பது, படை திரட்டுவது. 1772இல் ஃபின்காஸில் கவுண்டி உருவானபோது அதன் தலைமை நில அளவையாளர், குடிப்படைத் தலைவர் இரண்டுமே பிரெஸ்டன்தான். இன்றைய கென்டக்கி முழுவதும் அந்தக் கவுண்டிக்குள் அடங்கியிருந்தது.

இந்த இரண்டு பதவிகளும் ஒரே ஆளிடம் சேர்ந்தது தற்செயல் இல்லை. குடிப்படை என்ற அமைப்பே நிலத்தோடும் கவுண்டியோடும் பின்னிக் கிடந்தது.

யாரெல்லாம் குடிப்படையில்? வர்ஜீனியாவின் 1705ஆம் ஆண்டுச் சட்டம் 16 முதல் 60 வயது ஆண்களைச் சேர்த்தது. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில், 1777இல், 16 முதல் 50 என்று மாற்றினார்கள். ஒரு கம்பெனியில், அதாவது படைப்பிரிவில், 32 பேருக்குக் குறையாமலும் 68 பேருக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். குளிர்காலம் நீங்கலாக மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி கூடும். கவுண்டி முழுவதும் வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு பெருங்கூட்டம். வராதவருக்கு அபராதம். அபராதத்தைத் தீர்மானிப்பது அதே கவுண்டி அதிகாரிகள் கூடும் படை மன்றம். அதாவது அபராதம் விதிப்பவரும் கட்டுபவரும் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள். மதகுரு, மாவு ஆலை நடத்துபவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு.

படை கூடும் நாளுக்கு ஆங்கிலத்தில் மஸ்டர். ‘காட்டு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். ஆளையும் ஆயுதத்தையும் கண்ணில் காட்டும் நாள். நம் ஊர்ப் பொதுப்பணி வேலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வழங்கும் ‘மஸ்டர் ரோல்’ இதன் கிளைதான். இதற்குப் படைக்கூட்டு என்று எழுதலாம். வெறும் அணிவகுப்பு என்றால் ஆயுதச் சோதனையும் பெயர்ப்பதிவும் விட்டுப்போகும்.

என்ன ஆயுதம்? முழுப் பட்டியல் வேண்டுமானால் அமெரிக்கா என்ற புதிய நாட்டின் 1792ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்கலாம். 18 முதல் 45 வயதுள்ள ஒவ்வொரு வெள்ளையின ஆண் குடிமகனும் தன் சொந்தச் செலவில் மஸ்கட் துப்பாக்கி, அதன் முனைக்கத்தி, இடுப்புவார், இரண்டு மாற்றுச் சிக்கிமுக்கிக் கற்கள், தோள்பை, 24 தோட்டாக்கள் கொண்ட பெட்டி ஆகியவற்றை வைத்திருக்கவேண்டும். ரைஃபிள் உள்ளவராக இருந்தால் அதன் குழலுக்கேற்ற 20 குண்டுகள், மருந்துக் கொம்பு, கால் பவுண்டு வெடிமருந்து. ரைஃபிளை மட்டும் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழலின் உட்புறம் திருகுவரி வெட்டியிருப்பதால் அது வெகுதூரம் குறி தவறாமல் சுடும். ஆனால் குண்டைத் துணியில் சுற்றி இறுக்கி இறக்கவேண்டும். மஸ்கட்டில் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம் என்றால் ரைஃபிளில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. முனைக்கத்தியும் பொருத்த முடியாது. எல்லைப்புறத்தார் வேட்டைக்காக வைத்திருந்தது பெரும்பாலும் ரைஃபிள். மரத்தின் மறைவிலிருந்து சுட அதைப்போல ஒன்று இல்லை. வெட்டவெளியில் முனைக்கத்தியோடு ஓடிவரும் பட்டாளத்தின் முன்னால் அதனால் நிற்க முடியாது.

குடிப்படை எங்கே சறுக்கியது என்பதற்கு பிரெஸ்டனின் வாழ்க்கையிலேயே சான்றுகள் உண்டு. 1756 பிப்ரவரியில் ஆண்ட்ரூ லூயிஸ் தலைமையில் முந்நூறுக்கும் மேற்பட்டோர், செரோக்கி வீரர்களும் உட்பட, ஒகையோ ஆற்றங்கரை ஷானி ஊர்களைத் தாக்கக் கிளம்பினார்கள். பிரெஸ்டன் ஒரு கம்பெனியின் கேப்டன். அவர் எழுதிய நாட்குறிப்பும் கிடைத்திருக்கிறது. சாண்டி கிரீக் பள்ளத்தாக்கில் வெள்ளம். ஒரே ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்கவேண்டியிருந்தது. நம்பியிருந்த வேட்டை கிடைக்கவில்லை, உணவு தீர்ந்தது, குதிரைகளைத் தின்றார்கள். ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பியபோது தடுக்க அதிகாரிகளிடம் வேண்டுகோளைத் தவிர எதுவும் இல்லை. பகைவரைக் காணாமலே பயணம் முடிந்தது.

1781இல், பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின்போது, வட கரோலினாவில் வேறு வகைச் சிக்கல். மார்ச் 6 அன்று வெட்ஸல்ஸ் மில் என்ற ஆற்றுக்கடவில் பிரெஸ்டனின் ரைஃபிள்காரர்கள் பிரிட்டிஷ் படையைத் தடுத்து நின்றார்கள். அமெரிக்கத் தரப்பின் நிரந்தரப் பட்டாளம் பின்வாங்கிப் போவதற்குத் தங்களைக் கவசமாக நிறுத்திவிட்டார்கள் என்று அவர்களிடையே மனக்கசப்பு. ஒன்பது நாள் கழித்து கில்ஃபர்ட் கோர்ட்ஹவுஸில் பெரிய போர் நடந்தபோது அவர்களில் பலர் வீட்டில் இருந்தார்கள். இதைக் கோழைத்தனம் என்று எழுதுவது நியாயமாகாது. வீட்டை விட்டு வந்த உழவனுக்கு ஒவ்வொரு நாளும் விதைப்புக் கணக்கு; அவன் இல்லாத வீட்டைத் தாக்குதலிலிருந்து காப்பாற்ற வேறு ஆள் கிடையாது. குடிப்படையைத் திரட்டுவது சுலபம், நெடுநாள் நிறுத்திவைப்பதுதான் முடியாத காரியம். அதனால்தான் 1755 முதலே வர்ஜீனியா சம்பளம் கொடுத்து ‘ரேஞ்சர்’ கம்பெனிகளை வைத்தது. பிரெஸ்டன் அதிலும் கேப்டனாக இருந்தார். ரேஞ்சரையும் குடிப்படையையும் ஒன்றாக மொழிபெயர்க்கக் கூடாது. ரேஞ்சருக்குச் சுற்றுக்காவல் படை என்பது பொருந்தும்.

இனி நிலம். கவுண்டி நில அளவையாளரைச் சோதித்து உரிமம் தந்தது வில்லியம்ஸ்பர்க்கில் இருந்த வில்லியம் அண்ட் மேரி கல்லூரி. அவருடைய கட்டணத்தில் ஆறில் ஒரு பங்கு கல்லூரிக்குப் போகும். அரசருக்குரிய நிலத்தைப் பெற விரும்புபவர் 50 ஏக்கருக்கு 5 ஷில்லிங் கட்டி உரிமை பெறவேண்டும். பிறகு அளவையாளரின் பதிவேட்டில் இடத்தைக் குறிப்பிட்டுப் பதிவு, அளவை, வரைபடம், கடைசியாக ஆளுநர் கையெழுத்திட்ட பட்டா. அதோடு முடியாது. ஆண்டுதோறும் 100 ஏக்கருக்கு 2 ஷில்லிங் அரசுக்குக் கட்டவேண்டும். மூன்று ஆண்டுக்குள் 50 ஏக்கருக்கு 3 ஏக்கர் வீதம் பயிரிட்டிருக்கவேண்டும்.

அளந்தது குன்டர் சங்கிலியால். 66 அடி, 100 கண்ணிகள். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சென்னை மாகாணத்து நில அளவையும் இதே சங்கிலியில்தான் நடந்தது. நாம் சொல்லும் ஒரு சென்ட் என்பது 1000 சதுரக் கண்ணி, 435.6 சதுர அடி. காட்டில் திசைகாட்டியைக் கோலில் நிறுத்தி ஒருவர் பார்க்க, இருவர் சங்கிலி பிடிக்க, இன்னொருவர் மூலை மரங்களில் கோடரியால் அடையாளம் வெட்டிக்கொண்டே போவார். பிழைகள் இங்கேதான் புகுந்தன. கண்ணி மூட்டுகள் தேய்ந்தால் சங்கிலி நீளும், கணக்கில் நிலம் குறையும். மலைச்சரிவில் தரையோடு சங்கிலியைப் போட்டால் கணக்கு கூடும். திசைகாட்டி காட்டும் வடக்கு ஆண்டுக்கு ஆண்டு நகரும். அடையாள மரம் விழுந்துவிட்டால் எல்லைக்குச் சாட்சியே இல்லை. கென்டக்கியில் ஒருவர் பட்டாவின் மேல் இன்னொருவர் பட்டா ஏறி, வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. பெயர்பெற்ற எல்லைப்புற முன்னோடி டேனியல் பூன் தன் நிலங்களை இழந்தது இப்படித்தான்.

படையும் நிலமும் நேராகச் சந்தித்த இடம் 1763ஆம் ஆண்டு அரசப் பிரகடனம். போர்ப்பணி செய்த மேல்நிலை அதிகாரிக்கு 5000 ஏக்கர், கேப்டனுக்கு 3000, கீழ்நிலை அதிகாரிக்கு 2000, சாதாரண வீரனுக்கு 50. இந்த நில உரிமைச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு 1774இல் பிரெஸ்டனின் துணை அளவையாளர் ஜான் ஃபிளாய்டு கென்டக்கிக்குள் போய் அளந்தார். ஜார்ஜ் வாஷிங்டனுக்காக 2000 ஏக்கர் அளந்ததும் அந்தப் பயணத்தில்தான். அந்த நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த ஷானி மக்கள் அதை விற்கவில்லை. 1768இல் ஃபோர்ட் ஸ்டான்விக்ஸ் ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுத்தவர்கள் இரொக்வாய் என்ற வேறு பழங்குடியினர். ஷானிகளோடு போர் மூண்டது. 1774 ஜூலையில் பிரெஸ்டன் ஆள் திரட்ட எழுதிய சுற்றுக்கடிதத்தில் வெகுகாலம் எதிர்பார்த்த வாய்ப்பு வந்துவிட்டது என்றும், கொள்ளைப்பொருளும் குதிரைகளும் நிறையக் கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். தற்காப்புப் படை என்று மட்டும் குடிப்படையை விளக்குபவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கவேண்டும்.

மக்கள் படை என்ற பெயர் ஏன் ஒவ்வாது என்பதும் இங்கேதான் விளங்கும். 1759இல் பிரெஸ்டன் ‘ட்ரூ புளூ’ என்ற கப்பலில் வந்த 16 ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கினார். மனைவி சுசன்னா ஸ்மித்தின் பெயரால் அவர் அமைத்த ஸ்மித்ஃபீல்டு பண்ணை அடிமைகளின் உழைப்பில் நடந்தது. பிளாக்ஸ்பர்க்கில் அந்த வீடு இன்றும் நிற்கிறது. அடிமைகள் குடிப்படையில் இல்லை. சுதந்திரமான கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் முரசறையவும் வழி வெட்டவும் மட்டும், ஆயுதமின்றி வரலாம் என்று 1723ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மக்களில் இத்தனை பேரைத் தள்ளிவைத்த படையை மக்கள் படை என்பது உண்மைக்கு மாறு.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். துணை ராணுவம் என்பது அரசு சம்பளம் தந்து நிரந்தரமாக வைத்திருக்கும் படை, பொருந்தாது. ஊர்க்காவல் படை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேறோர் அமைப்பின் பெயராக நிலைத்துவிட்டது. பரிமேலழகர் திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறு வகை சொல்கிறார். அவற்றில் நாட்டுப்படை நெருங்கி வருகிறது. ஆனால் இன்றைய வாசகர் ‘நாட்டின் ராணுவம்’ என்று படித்துவிடுவார். கர்னல்களைப் பாளையக்காரர்கள் என்று எழுதுவதும் சரியில்லை. பாளையக்காரர் வரி தண்டியவர், தம் படையைத் தாமே வைத்திருந்தவர். பிரெஸ்டனுக்குப் பதவி ஆளுநர் தந்தது.

குடி என்ற சொல்லில் வீடு, குடும்பம், குடியிருப்பவர், உழவர் எல்லாம் இருக்கின்றன. குடியானவன், குடிவாரம், குடிமகன் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் இந்தப் படையின் இயல்பு அப்படியே காதில் விழும். எல்லோரும் குடிகளாகக் கருதப்படவில்லை என்ற குறையையும் அந்தச் சொல் மறைக்காது.

பதவிப் பெயர்களில் கர்னல், கேப்டன் இரண்டையும் அப்படியே வைக்கலாம், முன்னால் ‘குடிப்படை’ சேர்த்து. வெறும் கர்னல் பிரெஸ்டன் என்றால் நிரந்தர ராணுவ அதிகாரி என்று ஆகிவிடும். ‘கவுண்டி லெப்டினன்ட்’ மட்டும் வேறு கதை. லெப்டினன்ட் என்பது ‘இடத்தில் நிற்பவர்’ என்ற பிரெஞ்சுத் தொடர். ஆளுநரின் இடத்தில் கவுண்டியில் நிற்பவர், அங்கிருந்த கர்னல்களுக்கும் மேலானவர். இன்றைய ராணுவத்தின் இளநிலை லெப்டினன்ட்டோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க, கவுண்டிக் குடிப்படைத் தலைவர் என்றே எழுதவேண்டும். அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்தில், 1791இல் நிறைவேறியதில், வரும் மிலிஷியாவும் இதே குடிப்படைதான். அங்கே ‘ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை’ என்று எழுதினால் படைக்கூட்டும் பெயர்ப்பதிவும் பயிற்சியும் உள்ள அமைப்பைப் பற்றிய பேச்சு என்பது புலப்படும்.